லென்ஸுக்கு எது பாதுகாப்பு: கேமரா பையா, காற்றுப்புகா டப்பாவா, ட்ரை கேபினெட்டா?

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை லென்ஸுக்குள் போவதை யாராலும் தடுக்க முடியாது. விரல்ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அவற்றுக்குத் தீனி. முளைக்கத் தேவையான ஈரம் மட்டும்தான் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது. கீழே உள்ள ஒவ்வொரு முறையையும் இந்த ஒரு எண்ணை வைத்தே எடைபோட வேண்டும்.

கேமரா பை பயணத்துக்கு மட்டுமே. அதன் திணிப்பும் துணியும் ஈரத்தை உறிஞ்சி, மெதுவாக லென்ஸின் பக்கம் விடும். உள்ளே போடும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் பயன்படாது. ஜிப் காற்றை அடைக்காததால் சில நாளிலேயே அது நிறைந்துவிடும். தோல் உறை இன்னும் மோசம், தோலே பூஞ்சைக்கு உணவு. திறந்த அலமாரியில் காற்றோட்டம் உண்டு என்பதால் அது பையைவிடத் தேவலை. ஆனால் மழைக்காலத்தில் அறையின் ஈரம்தான் லென்ஸின் ஈரம்.

ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, சரியாகப் பராமரித்தால், மின்சாரத்தால் ஈரத்தை அகற்றும் பெட்டியான ட்ரை கேபினெட்டுக்குச் சளைத்ததல்ல. 10 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல் தாராளம். அடிக்கடி திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை. 30 டிகிரி செல்சியஸில், 80 சதவீத ஈரப்பதத்தில், 10 லிட்டர் காற்றில் இருக்கும் நீர் கால் கிராம்தான். 40 சதவீத ஈரப்பதத்திலேயே ஜெல் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 40 கிராம் வரை, பிடித்து வைக்கும். அதை வேகமாகத் தீர்ப்பவை சரியாக உட்காராத மூடியும், ஈரமான கேமராப் பட்டை, துடைக்கும் துணி, ஸ்பாஞ்ச் போன்றவற்றை லென்ஸோடு சேர்த்து வைப்பதும்தான்.

ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். அதன் தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் போகக் கூடாது. ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் நிறைந்து பச்சையானால் 120 டிகிரியைத் தாண்டாத அவனில் மெல்லிய அடுக்காகப் பரப்பி இரண்டு, மூன்று மணி நேரம் காயவைத்து, மூடிய பாட்டிலில் ஆறவிட்டபின் போடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு உண்டு, நச்சு. சமையலுக்கான அவனில் அதைச் சூடாக்காதீர்கள். புது ஜெல் அதிகமாகி டப்பாவின் ஈரப்பதம் 30க்குக் கீழே போனால் பாதியை எடுத்துவிடுங்கள்.

ட்ரை கேபினெட்டில் இரண்டு வகை. பெல்டியர் வகை குளிர்ந்த தகட்டில் ஈரத்தைப் படியவைத்து வெளியேற்றும். அறை குளிர்ந்தால் வேகம் குறையும், மின்சாரம் போனால் வேலையும் நின்றுவிடும். உறிஞ்சி வகை ஈரத்தை இழுத்துவைத்து, அவ்வப்போது ஹீட்டரால் வெளியே தள்ளும். மின்தடையிலும் கொஞ்ச நேரம் தாங்கும். மின்தடை அடிக்கடி வரும் இடத்துக்கு இரண்டாவதே சரி. நான்கைந்து லென்ஸ் வைத்திருந்து, மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பவருக்கு டப்பா போதும். அதற்கு மேல் இருந்தாலோ, கவனிக்க நேரமில்லை என்றாலோ கேபினெட்தான்.

எதை வாங்கினாலும் ஈரப்பதத்தை அளக்கும் தனி ஹைக்ரோமீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும். கேபினெட்டின் திரை எண்ணும் பிசகும். பாட்டில் மூடியில் உப்பைக் குழைவாக நனைத்து, மீட்டரோடு ஜிப் பையில் எட்டு மணி நேரம் அடைத்து வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

அரிசி போடாதீர்கள்: மாவுத்தூள் உதிரும், ஈரத்தையும் சரியாக இழுக்காது. நாஃப்தலீன் உருண்டையின் ஆவி கண்ணாடியில் படியும். கால்சியம் குளோரைடு நீராகக் கரைந்து வழியும்.

லென்ஸை உள்ளே வைக்குமுன் விரல்ரேகையைத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மாதம் ஒருமுறை அபெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) முழுதும் திறந்து, பின்புறத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் தெரிந்தால் பூஞ்சை. புற ஊதா விளக்கில் காட்டினால் சரியாகும் என்பது பலிக்காது, அந்தக் கதிரின் பெரும்பகுதியை முன் கண்ணாடியே தடுத்துவிடும். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை (கோட்டிங்) அரித்துவிட்டால், பின்னால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. அதனால் கண்ட உடனே தனியே எடுத்துவைத்து, பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.