போலாக்சமர் 407: ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதற்கு உகந்த பிளாக் கோபாலிமர்

வெவ்வேறு வகைப் பகுதிகள் ஒரே சங்கிலியாக இணைந்த பாலிமரே பிளாக் கோபாலிமர். அதன் ஆய்வு எந்தத் திசைகளில் விரிந்து வந்திருக்கிறது என்பதைத் தன் கையாலேயே செய்து பார்த்து அறிய விரும்பும் ஆய்வு மாணவருக்கு, ஒரேயொரு பொருளை வாங்கச் சொல்ல வேண்டுமென்றால், தயக்கமின்றி போலாக்சமர் 407-ஐத்தான் சொல்வேன். ப்ளூரானிக் எஃப்127 என்ற வணிகப் பெயரில் பலருக்கும் அறிமுகமான இது, வெண்ணிறச் சிறுமணிகளாகக் கிடைக்கிறது. நடுவில் பாலிப்ரொப்பிலீன் ஆக்சைடும் இருபுறமும் பாலிஎத்திலீன் ஆக்சைடும் கொண்ட மூன்று பகுதிச் சங்கிலி இது. மொத்த மூலக்கூறு எடை சுமார் 12,600. பெயரிலுள்ள எண்ணிலேயே அமைப்பு அடங்கியிருக்கிறது: 40-ஐ 100-ஆல் பெருக்கினால் நடுப்பகுதியின் தோராயமான மூலக்கூறு எடையும், 7-ஐ 10-ஆல் பெருக்கினால் எத்திலீன் ஆக்சைடின் எடை விழுக்காடும் கிடைக்கும்.

கரைக்கும் முறையில் மட்டும் கவனம் தேவை. அறை வெப்பநிலையிலுள்ள நீரில் மணிகளை மொத்தமாகக் கொட்டினால், ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் ஜெல்லாகி, உள்ளே நீர் புகாமல் தடுத்துவிடும். 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்த நீரில் சிறிது சிறிதாகத் தூவி, மெதுவாகக் கலக்கி, நுரை அடங்கும்வரை இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் தெளிந்த கரைசல் கிடைக்கும். எடை அளவில் 20 விழுக்காடு கொண்ட அந்தக் கரைசலை வெளியே எடுத்து வைத்தால், அறை வெப்பநிலையை நெருங்கும்போது காந்தக் கலக்கி திணறி நின்றுவிடும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஜெல் விழாது. மறுபடி குளிர்வித்தால் நீர்போல ஓடும்.

பொதுவாகச் சூடேறினால் இளகும் என்றே நாம் எதிர்பார்ப்பதால், இந்த நடத்தை விளக்கத்துக்குரியது. வெப்பம் கூடக்கூட நடுப்பகுதி நீரை விட்டு விலக முற்படுகிறது. அதைச் சுற்றி ஒழுங்குபட்டு நின்ற நீர் மூலக்கூறுகள் விடுபடுவதால், ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி அதிகரிக்கிறது. நடுப்பகுதிகள் ஒன்றுகூடி, மைசெல்கள் எனப்படும் நுண்திரள்களின் கருவாகின்றன. மைசெல்கள் போதிய அளவு பெருகியதும் நெருங்கி அடுக்கமைந்து கனசதுர ஒழுங்கை அடைகின்றன. தன்னொழுங்கமைவு என்ற கருத்தை இவ்வளவு எளிதாகக் கண்முன் நிறுத்தும் வேறொரு பொருளை நான் கண்டதில்லை.

பயன்பாட்டு ஆய்வுகளிலும் இதன் இடம் பெரியது. 1998-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் உருவான நுண்துளைச் சிலிக்கா வரிசையில், எஸ்பிஏ-15 என்ற வகையின் துளைகளுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த பி123 அச்சாக அமைந்தது. எஸ்பிஏ-16-க்கு அச்சானது எஃப்127. பின்னர் ஃபீனாலிக் பிசினோடு சேர்த்து, ஒழுங்கான துளைகள் கொண்ட கார்பனையும் இதன் வழியே தயாரித்தார்கள். முப்பரிமாண உயிரியல் அச்சிடலில் இது தற்காலிக மையாகப் பயன்படுகிறது: அச்சிட்ட இழைகளைச் சுற்றி வேறொரு ஜெல்லை வார்த்து உறையச் செய்தபின் குளிர்வித்தால், இழைகள் உருகி வெளியேறி, இரத்தக் குழாய் போன்ற கால்வாய்கள் எஞ்சும். ஆனால் ஜெல் நிலைக்குத் தேவையான செறிவில் உயிரணுக்களை நெடுநேரம் இதனுள் வைத்திருப்பது உகந்ததன்று. மருந்தை நாட்கணக்கில் தேக்கி வைக்கவும் இந்த ஜெல் போதாது; சுற்றியுள்ள நீர் உட்புகுந்து செறிவு குறைந்ததும் கரைந்துவிடும்.

முக்கியமான குறை தூய்மையில் இருக்கிறது. ப்ரொப்பிலீன் ஆக்சைடைக் காரம் கொண்டு பாலிமராக்கும்போது வளரும் சங்கிலி முனையின் வினைத்திறன், மோனோமர் எனப்படும் அலகு மூலக்கூறுக்குத் தாவிவிடுவதால், இரண்டு பகுதிகள் மட்டும் கொண்ட சங்கிலிகளும் கலந்தே வருகின்றன. சங்கிலிகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஊடுருவு குரோமட்டோகிராபியில், பிரதான முகட்டையடுத்துக் குறைந்த மூலக்கூறு எடைப் பக்கத்தில் தெரியும் சிறு முகடு இதையே காட்டுகிறது. ஒரு தயாரிப்புத் தொகுப்பிலிருந்து (batch) இன்னொன்றுக்கு மைசெல் உருவாகும் வெப்பநிலை மாறுபடுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே ஓர் ஆய்வு முழுவதற்கும் தேவையான அளவை ஒரே தொகுப்பிலிருந்து வாங்கி, தொகுப்பு எண்ணைக் குறித்துக்கொள்வது கட்டாயம். சங்கிலி நீளங்களின் பரவலைக் குறையாகக் கருதாமல், அமைப்பை மாற்றும் கருவியாகவே கையாளும் ஆய்வுகள் இன்று வலுப்பெற்றிருக்கின்றன. ஆனால் அங்கே பரவல் திட்டமிட்டு உருவாக்கப்படுகிறது, இங்கே தானாக வந்து சேர்கிறது.

மின்சில்லுகளுக்கான நுண்வடிவங்களை வரைய முயலும் வழிகாட்டப்பட்ட தன்னொழுங்கமைவில் ஈடுபட விரும்புபவருக்கு இது பயன்படாது. அங்கே பாலிஸ்டைரீனும் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டும் இணைந்த கோபாலிமர்தான் நெடுங்காலமாக அளவுகோல்; அதனினும் நுண்ணிய வரிகளுக்கு, ஒன்றையொன்று மேலும் வலுவாக விலக்கும் பகுதிகளைத் தேடுகிறார்கள். போலாக்சமரின் இரு பகுதிகளும் நீரில்லாத நிலையில் அவ்வளவு வலுவாக விலகுவதில்லை. எத்திலீன் ஆக்சைடு பகுதி படிகமாகியும் விடுகிறது. அத்தகைய வேலைக்கு, உயிர்ப்பு அயனிப் பாலிமராக்கலிலோ 1998-இல் அறிமுகமான ராஃப்ட் (RAFT) என்ற கட்டுப்படுத்தப்பட்ட பாலிமராக்கல் முறையிலோ தயாரித்த, சங்கிலி நீளம் ஏறக்குறைய சீரான மாதிரிகளை வாங்குவதே சரி.

சேமிப்பு பற்றி ஒன்று: ஈத்தர் பிணைப்புகள் காற்றில் மெல்ல ஆக்சிஜனேற்றமடையும் என்பதால், இதில் ஆக்சிஜனேற்றத் தடுப்பியாக பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன் (BHT) சேர்க்கப்படுவதுண்டு. புற ஊதா நிறமாலை அளவீட்டுக்கோ உயிரணுச் சோதனைக்கோ வாங்குபவர்கள், அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பகுப்பாய்வுச் சான்றிதழில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.