பனிக்கு அடியில் ஒன்று, பட்டைக்கு அடியில் ஒன்று

2013 ஐப்பசியில் பண்ருட்டிப் பக்கம் பெரியப்பாவின் முந்திரித் தோப்புக்குப் போயிருந்தேன். தானே புயலில் சாய்ந்த மரத்தின் மக்கிய அடிக்கட்டையில், கேசரியைக் கொட்டியது போல மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. "காளானா பெரியப்பா?" என்றேன். "தெரியலப்பா. நேத்து அந்தப் பக்கம் இருந்துச்சு" என்றார்.

காளான் நகராது. இது சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் உட்கருக்கள் நிறைந்த ஒரே ஒரு பெரிய செல். மூளை இல்லாமலே ஊர்ந்து பாக்டீரியாவைத் தின்னும். 2010-ல் ஜப்பானில் இதன் உறவுக்கார இனம் ஒன்றுக்கு, டோக்கியோவைச் சுற்றிய ஊர்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்தார்கள். அது பின்னிய வலை அந்த ஊர் ரயில் பாதையைப் போலவே இருந்தது.

இதோடு ஆஸ்திரேலியாவின் மலைப் பிக்மி போசத்தை ஒப்பிட ஒரே காரணம், கெட்ட காலத்தை இரண்டும் தூங்கியே கடத்துகின்றன என்பதுதான். போசம் கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்ப்பது. எடை சுமார் 45 கிராம், உடம்பைவிட வால் நீளம். 1895-ல் புதைபடிவமாக மட்டும் அறியப்பட்டு, அழிந்துவிட்டதாக நினைத்திருந்தபோது, 1966-ல் ஹோத்தம் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் உயிரோடு கிடைத்தது!

கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, பனி மூடிய பாறை இடுக்கில் ஏழு மாதம்வரை உறங்கும். பனிதான் அதற்குப் போர்வை. பனி குறைந்தால் குளிர் உள்ளே இறங்கும். எழுந்ததும் தின்ன, சமவெளியிலிருந்து பறந்து வரும் போகோங் அந்துப்பூச்சிகள் வேண்டும். 2017-க்குப் பிந்தைய வறட்சியில் அவை வெகுவாகக் குறைந்தன. பைக்குள்ளேயே பல குட்டிகள் செத்தன.

சளிப்பூஞ்சைக்கு அந்தப் பாடு இல்லை. ஈரம் வற்றினால் காய்ந்து கெட்டியாகும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, தண்ணீர் பட்டால் மறுபடி ஊரும். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி வரும் கடலூர் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரியவில்லை. தாக்குப்பிடிப்பதில் சந்தேகமில்லாமல் சளிப்பூஞ்சைதான். ஆனால் என் கவலை முழுக்கப் போசத்தின் மேல்தான். தன் பிழைப்பில் பாதியைப் பனியிடமும் பூச்சியிடமும் கொடுத்துவிட்ட பிராணி அது.

2019-20 காட்டுத்தீக்குப் பிறகு, அந்துப்பூச்சியின் சத்துக்கு ஈடாக பிஸ்கட் செய்து அதற்கு வைத்தார்கள். பெரியப்பாவிடம் நான் கேட்டது, அந்தக் கட்டையைப் பெயர்க்காமல் விடுங்கள் என்பது மட்டும்தான்.