நெற்றிப்பட்டை ஈ.ஈ.ஜி: திருகோணமலைப் புழுக்கத்தில் நம்பலாமா?

நித்திரையின்போது மூளையின் மின்னலையை (ஈ.ஈ.ஜி) பதியும் தலைப்பட்டை இது: நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு என நான்கு உலர் மின்வாய்கள். பதிவு புளூடூத்தில் போனுக்குப் போகும்; விடிந்ததும் நித்திரைக் கணக்கு வரும். அசையாமல் முழித்துக் கிடப்பவரைக் கைக்கடிகாரம் சுலபமாக நித்திரையில் சேர்த்துவிடும். பட்டை மூளை அலையையே பார்ப்பதால் அந்த விஷயத்தில் மேல்.

மென்பொருள் பதிவை 30 வினாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அலை எவ்வளவு என்று பிரிக்கிறது. கண்மூடி முழித்திருந்தால் 8–13 ஹேர்ட்ஸ் அல்பா அலை துண்டின் பாதிக்கு மேல் நிற்கும். அது கரைந்தால் நித்திரை தொடங்குகிறது. ஆழ்ந்த நித்திரை என்றால் 0.5–2 ஹேர்ட்ஸில் 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேற்பட்ட அலைகள், துண்டில் ஐந்திலொரு பங்காவது வேண்டும். ஆனால் அல்பா பலமாக எழுவது பிடரிப் பக்கம். இங்கே மின்வாயோ நெற்றியில். கண் அயரும் அந்த எல்லையில் பட்டை தடுமாறுவது இதனால்தான். சிலருக்கு அல்பாவே சரியாகத் தெரியாது.

இங்குள்ள பெரிய தலையிடி வியர்வை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடங்கி, அசைவே இல்லாத இரவுகளில், வியர்வை உப்பு மின்வாயில் மெதுவான ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். மென்பொருள் அதை ஆழ்ந்த நித்திரை என்று எண்ணிவிடும். புரண்டு புரண்டு படுத்த இரவுக்கு நல்ல மார்க் விழுந்தால் சந்தேகப்படுங்கள். மிக மெதுவான அலைகளை வெட்டும் வடிகட்டியின் எல்லையை 0.5 ஹேர்ட்ஸுக்கு உயர்த்தலாம். ஆனால் உண்மையான மெதுவலையிலும் கொஞ்சம் போகும். அதைவிட ஃபேனை முகத்துக்குத் திருப்புவது மேல்.

திருநீறு, பொட்டு, தலையெண்ணெய் எல்லாவற்றையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் கட்டுங்கள். போன் சார்ஜர் தலைமாட்டில் இருந்தால் 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சல் ஏறும். படுக்குமுன் கண்ணை ஒரு நிமிடம் மூடி, ஒரு நிமிடம் திறந்து பாருங்கள்: மூடும்போது அல்பா எழுந்து, திறந்ததும் விழ வேண்டும். இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் பட்டையை இறுக்கி மறுபடி பாருங்கள்.

கனவு நித்திரையின் அலை முழிப்பைப் போலவே இருக்கும். ஆய்வுகூடத்தில் கண்ணசைவையும் நாடித் (மோவாய்த்) தசையையும் சேர்த்துப் பதிவதற்குக் காரணம் அதுதான். குறட்டையோடு மூச்சுத் தடைபடுபவர்களுக்கு இந்தப் பட்டை உதவாது. மூச்சோட்டமும் ஒட்சிசனும் அளக்கும் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வாங்குபவர்கள் ஒன்றைக் கேளுங்கள்: மூலப் பதிவை ஈ.டி.எஃப் (இத்தகைய பதிவுகளுக்கான பொதுக் கோப்பு வடிவம்) கோப்பாக எடுக்க முடியுமா? மார்க் மட்டும் காட்டும் பட்டையில் வியர்வையா நித்திரையா என்று பிரித்தறிய வழியே இல்லை.