ரெக்கார்டு பிளேயர், கேசட் டெக், சி.டி. பிளேயர்: எது எப்படிச் சாகிறது?

என் வீட்டு அலமாரியில் மேல்தட்டில் ரெக்கார்டு பிளேயர், நடுத்தட்டில் கேசட் டெக், கீழ்த்தட்டில் சி.டி. பிளேயர். வயதில் இளையவர் கீழ்த்தட்டுக்காரர். முதலில் கண்ணை மூடியவரும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சி.டி. தட்டைப் போட்டேன். சுழன்றது, நின்றது, 'நோ டிஸ்க்' என்றது. முந்தின நாள் இரவு வரை ஒரு குறையும் சொல்லாமல் பாடிக்கொண்டிருந்த பெட்டி. மேல்தட்டில் இருப்பதோ எனக்கு விற்றவருக்கே செகண்ட் ஹேண்டாக வந்தது. பெல்ட் மாற்றினேன், ஊசி மாற்றினேன், ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். இன்னும் ஓடுகிறது.

பழைய ஆடியோ செட் வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது "எதுல சத்தம் நல்லா இருக்கும்?" என்றுதான். அதற்குப் பதில் ஒரு மாதத்தில் அவர்கள் காதுக்கே தெரிந்துவிடும். இருபது வருடம் வைத்துக் காப்பாற்றப் போகிறவர் வேறு மூன்று விஷயம் கேட்க வேண்டும். இது எப்படிச் சாகும்? சாவதற்கு முன் சொல்லுமா? பிழைக்க வைக்கப் பாகமும் ஆளும் கிடைக்குமா? இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே மூன்று பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

மேல்தட்டு

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி. தட்டு 1948-ல் வந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடி முடிய, ஊசி பள்ளத்துக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் நடக்கிறது. தேயாமல் என்ன செய்யும்? வைர ஊசிக்கு 500 முதல் 1,000 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. தினம் ஒரு மணி நேரம் கேட்டால் அதிகபட்சம் இரண்டே முக்கால் வருடம். ஆனால் தேய்ந்தால் சொல்லிவிடும். 'ச', 'ஷ' வரும் இடங்களில் சீறல் கேட்கும். தட்டின் நடுவை நெருங்கும் கடைசிப் பாட்டில் குரல் கிழியும். இந்த முன்னறிவிப்புதான் ரெக்கார்டு பிளேயரின் பெரிய குணம். மோட்டார் தளர்ந்தால் சுருதி இறங்கும், பேரிங் காய்ந்தால் அடியில் உருமும், எர்த் வயர் விட்டுப்போனால் 'ம்ம்ம்' என்று முனகும். எல்லாம் காதுக்கு எட்டும் நோய்கள்.

பாகம் கிடைப்பதிலும் இதுதான் முன்னணி. ஷூர் நிறுவனம் 2018-ல், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிஜ் என்ற பாகத்தின் தயாரிப்பையே நிறுத்தியது. ஆனாலும் அதன் பழைய கார்ட்ரிஜ்களுக்கு ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் இன்றும் ஊசி செய்து தருகிறார்கள். டெனான் டி.எல்.-103 என்ற கார்ட்ரிஜ் 1962-ல் பிறந்தது, இன்றும் புதிதாகவே வாங்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று யாராவது நாற்பது வருட ஊசியை நீட்டினால் மயங்க வேண்டாம். வைரம் புதிதாகத்தான் இருக்கும். அதைத் தாங்கும் தண்டின் அடியில் இருக்கும் துளி ரப்பர், டப்பாவுக்குள் இருந்தபடியே இறுகிப்போயிருக்கும்.

ரெக்கார்டு பிளேயர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள்ளேயே மூன்று சாதி உண்டு. ஆயுள் கணக்கில் அவை ஒன்றல்ல. தோரன்ஸ் டி.டி. 160, லின் எல்.பி.12 போன்றவை பெல்ட்டில் சுழல்பவை. இரண்டும் 1970-களின் தொடக்கத்தில் வந்தவை. தொல்லை என்று பார்த்தால் பெல்ட் ஒன்றுதான். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதை நீங்களே ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்த கரார்டு 301, 401 போன்றவற்றில் மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உரசிச் சுழற்றும். இரும்புக் கட்டை மாதிரி கனம், கிட்டத்தட்ட அழியாத சாமான். ஆனால் ஓடாத நேரத்தில் அந்தச் சக்கரம் அழுந்தியபடி கிடந்தால் ரப்பரில் ஒரு பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக், டொக்' கேட்கும். பயன்படுத்தி முடித்ததும் ஸ்விட்சை முழுதாக 'ஆஃப்' நிலைக்குத் தள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, நேரடியாக மோட்டாரின் மேலேயே தட்டு உட்காரும் டைரக்ட் டிரைவ். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 முதலில் 1972-ல் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த எம்.கே.2 வடிவம் 1979-ல். 2010-ல் நிறுத்தி, 2016-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். பெல்ட் இல்லை, சக்கரம் இல்லை, பேரிங்குக்கு எப்போதாவது எண்ணெய் விட்டால் போதும். அன்றாடத்துக்கு இதைப் போல உழைக்கும் ஜாதி வேறு இல்லை. ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதற்கென்றே செய்த ஐ.சி. சிப்புகள். அவை போனால், இன்னொரு செத்த பிளேயரிலிருந்து கழற்றித்தான் போட வேண்டியிருக்கும். மூன்றில் எனக்கு எது என்றால் பெல்ட்தான். காரணம் ஒலி அல்ல, சோம்பல். என் கைக்கு அடங்குகிற ரிப்பேர் அது ஒன்றுதான்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிளேயர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. பழைய பெல்ட் பிளேயர் பலவற்றில் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பிடித்துத்தான் நிற்கும். 33⅓ சுற்ற வேண்டியது 28-ஐக்கூடத் தொடாது. டி.எம்.எஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி, அதாவது மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம், மாட்டினால்தான் தீரும். ஜப்பான் சரக்கில் இன்னும் வேடிக்கை. அந்த நாட்டின் கிழக்குப் பாதியில் 50, மேற்குப் பாதியில் 60, வோல்டேஜ் மட்டும் எங்கும் 100. டோக்கியோ வீட்டுப் பிளேயர் இங்கே சரியாகச் சுற்றும், ஒசாகா வீட்டுப் பிளேயர் சுற்றாமல் போகலாம்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெட்டி பிழைத்துக் கிடக்கும், தட்டுதான் தேய்ந்துபோகும். பழைய தமிழ் எல்.பி.க்கள் பலவும் சூட்கேஸ் மாதிரி மூடுகிற சின்ன பிளேயர்களில் கனமான ஊசிக்கு அடியில் வாழ்ந்தவை. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை, அரிப்பு. பூஞ்சை பிடித்ததைக் கழுவலாம், போய்விடும். 78 சுற்றுத் தட்டை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். அது அரக்கு, ஆல்கஹாலில் கரையும்.

நடுத்தட்டு

கேசட்டை பிலிப்ஸ் 1963-ல் அறிமுகம் செய்தது. டேப்பின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு, வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. பேச்சைப் பதிய வந்த சின்னச் சாதனத்தை ஹை-ஃபை ஆக்கியது, டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பியும், நகாமிச்சி போன்ற தயாரிப்பாளர்களின் பிடிவாதமும். நகாமிச்சி 1000 டெக் 1973-ல், டேப்பை அழிக்கவும் பதியவும் படிக்கவும் தனித்தனியாக மூன்று ஹெட்டோடு வந்தது. அப்படிப்பட்ட டெக் நல்ல நிலையில் ஒன்று கிடைத்து, அதில் நல்ல டேப்பைக் கேட்டால், கேசட்டை ஏளனம் செய்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஆனால் நல்ல நிலையில் கிடைக்க வேண்டுமே! மூன்று பெட்டிகளில் ரப்பர் அதிகம் இருப்பது இதில்தான், ரப்பருக்கு நம் ஊர் வெயிலும் கடற்காற்றும் ஆகாது. டேப்பை அழுத்திப் பிடித்து ஓட்டும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் இறுகி வழவழப்பானால் டேப் வழுக்கும், சுற்றிக்கொள்ளும், சிக்கும். சில டெக்குகளில் உள்ளே இருக்கும் பெல்ட் தார் மாதிரி உருகி புல்லியெங்கும் அப்பிக்கொண்டிருக்கும். அதைத் துடைத்து எடுப்பது ஒரு நாள் வேலை, விரல் கருப்பு இரண்டு நாளைக்குப் போகாது. பல்சக்கரம் பிளாஸ்டிக்காக இருந்தால் ஒரு பல் உடையும், அந்த ஒரு பல்லுக்காக முழு டெக்கும் காயலான் கடைக்குப் போகும்.

சாகும் முன் சொல்லுமா? சொல்லும், ஆனால் சொல்லும்போதே ஒரு டேப்பைக் காவு வாங்கிவிட்டுச் சொல்லும். அதுதான் எனக்கு இதன் மேல் உள்ள தீராத கோபம். சேதப்பட்ட டேப்பில் இருந்தது கடையில் பதிந்து வாங்கின பாட்டு என்றால் பரவாயில்லை. வளைகுடாவிலிருந்து அப்பா பேசி அனுப்பின கேசட் என்றால்?

பராமரிப்பு இதில் வாராவாரம் வேலை. ஹெட்டையும், டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனையும் பஞ்சில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும், ரோலருக்கு லேசான சோப்பு நீர் போதும். ஹெட்டில் சேரும் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் வைத்திருந்தால் எப்போதாவது காட்டலாம். புதிதாக வாங்கலாமே என்றால், இன்று வரும் டெக்குகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரே மலிவான இயந்திரத்தின் நகல்கள்தான். டால்பி என்ற பெயரும் அவற்றில் கிடையாது. ஆகவே பழையதைத்தான் காப்பாற்றியாக வேண்டும்.

பழைய கேசட் வைத்திருப்பவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். கேசட் மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டால் டேப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதைப் பதிந்த டெக்கின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கும், உங்கள் ஹெட் நேராக நிற்கும், அவ்வளவுதான். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்து, பாட்டு ஓடும்போதே அந்த ஸ்குரூவைக் கால் திருகலாக அசைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் ஜால்ரா சத்தம் 'பளிச்' என்று வெளியே வரும். அந்த இடம்தான். வேலை முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடுங்கள், இல்லையென்றால் மற்ற எல்லா கேசட்டும் மங்கிவிடும்.

கீழ்த்தட்டு

சோனியின் சி.டி.பி.-101 ஜப்பானில் 1982 அக்டோபர் 1 அன்று கடைக்கு வந்தது. ஊசி கிடையாது, உரசல் கிடையாது, தேய்மானமே கிடையாது என்றுதான் எல்லோரும் நம்பினோம். தட்டு தேயாது, சரி. படிக்கும் லேசர் தேயும் என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

சி.டி.யில் கீறலால் விடுபட்ட தகவலைக் கணக்குப் போட்டு நிரப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. பிழைகளை அது அமைதியாகச் சரிசெய்துகொண்டே இருக்கும். அந்த உபகாரமே இங்கே வினையாகிறது. லேசர் மெல்ல மெல்ல மங்குவது காதுக்குத் தெரியவே தெரியாது. பிழைகள் ஒரு எல்லையைத் தாண்டிய அன்று எல்லாம் சேர்ந்து கவிழும். ரெக்கார்டு பிளேயர் இருமி இருமிச் சொல்வதை சி.டி. பிளேயர் மாரடைப்பாகச் சொல்கிறது.

ஆனால் 'நோ டிஸ்க்' என்றவுடன் லேசர் போயிற்று என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பாதி நேரம் லென்ஸில் தூசியும் சமையல் எண்ணெய்ப் படலமும்தான் காரணம். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சுக் குச்சியால் இறகு தொடுவது போலத் துடைத்துப் பாருங்கள். தட்டு வெளியே வராமல் முரண்டு பிடித்தால் அது டிரேயின் குட்டி பெல்ட், கொஞ்ச ரூபாய் வேலை. மெக்கானிக் சிலர் செய்யும் ஒரு குறுக்கு வழியைப் பற்றி மட்டும் ஜாக்கிரதை. லேசருக்குப் போகும் கரண்ட்டைக் கூட்ட பிரீசெட் என்ற சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகிவிட்டால் பெட்டி அங்கேயே பாட ஆரம்பிக்கும், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள். விளக்கில் எண்ணெய் தீரும்போது திரியைத் தூண்டின கதை அது. மிச்சம் இருந்த ஆயுளும் சீக்கிரம் எரிந்துபோகும். என்னுடையது அப்படித்தான் போனது.

லேசர் உண்மையிலேயே போனால்? பரவலாக விற்ற சில மாடல்களுக்கு மாற்று லேசர் இன்னும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் அகப்படும், தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. பிலிப்ஸ் முதலில் செய்த கண்ணாடி லென்ஸ் வைத்த அமைப்பு மாதிரி விசேஷமானவை என்றால், இன்னொரு பழைய பெட்டியை வாங்கித்தான் இதைக் காப்பாற்ற முடியும்.

இவ்வளவு திட்டினாலும் சி.டி.க்கு ஒரு வரம் உண்டு. பெட்டி செத்தால் பாட்டு சாகாது. தட்டில் உள்ளதை ஒரு துளி குறையாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம். எல்.பி.யில் பெட்டி பிழைக்கும், தட்டு தேயும். சி.டி.யில் பெட்டி போகும், பாட்டு தங்கும். கேசட்டில் இரண்டும் கைகோத்துக்கொண்டு போகும்.

தட்டை வைக்கும்போது பளபளக்கும் அடிப்பக்கத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. பெயர் அச்சிட்ட மேல்பக்கம்தான் மெல்லியது. அங்கே ஆழமாகக் கீறினால் அலுமினியமே உரிந்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது.

மூன்றுக்கும் பொதுவானது

ஆம்ப்ளிஃபயருக்கு எமன் சூடு. உள்ளே இருக்கும் கண்டென்சர், வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உழைக்கும். அதன் தலையில் டெக்கை அடுக்காமல் ஒரு சாண் இடம் விடுவதுதான் மிகவும் மலிவான சர்வீஸ். வால்யூம் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போடுங்கள், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். ஸ்பீக்கர் விளிம்பு ஃபோமாக இருந்தால் அது ஒரு நாள் தொட்டால் உதிரும். துணியாகவோ ரப்பராகவோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம், கையும் கொஞ்சம் வேலைக்குப் பழகியது என்றால் பெல்ட் டிரைவ் ரெக்கார்டு பிளேயர் வாங்குங்கள். திருகாணியைத் தொடவே மாட்டேன் என்பவர் சி.டி. பிளேயர் வாங்கலாம், ஆனால் எல்லாத் தட்டையும் இந்த வருடமே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். கேசட் டெக்கை, வீட்டில் வேறெங்கும் கிடைக்காத குரல்கள் டேப்பில் இருக்கிறவர்கள் மட்டும் வாங்கட்டும். அப்படிப்பட்டவர்கள் வாங்கின முதல் மாதமே அந்தக் குரல்களை மாற்றிப் பதிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த டெக் இருந்தால் என்ன, போனால் என்ன?

வாங்கப் போகும்போது உங்கள் வீட்டுத் தட்டையும் டேப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் வைத்திருக்கும் தட்டு அவர் பெட்டியோடு ஒத்துப்போகிற தட்டாகத்தான் இருக்கும். ரெக்கார்டு பிளேயர் என்றால் பாட்டு போடும் முன் தட்டைக் கையால் சுற்றிவிட்டு, பேரிங் பக்கம் காதை வையுங்கள். கேசட் டெக் என்றால் டேப் முடியும் தறுவாயில், ஒரு பக்கம் சுருள் கனத்து நிற்கும்போது, ஃபார்வேர்டு அழுத்திப் பாருங்கள். சி.டி. பிளேயர் என்றால் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். சி.டி. நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுவது, ஆகவே நிறைய பாட்டுள்ள தட்டில் கடைசிப் பாட்டைப் போடுங்கள். கோளாறு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறும்.