11 துண்டுகளான கொழுக்கட்டை: ஒரு வடிவமைப்புச் செயலியுடன் மூன்று ஆண்டுகள்

நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தும் வடிவமைப்புச் செயலியின் ஆண்டுச் சந்தாவைச் சென்ற வாரம் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அறிவிப்பு வந்த அன்று மாலையே, பெங்களூரில் சிறிய விளம்பர நிறுவனம் நடத்தும் நண்பர் அழைத்து, “நீங்க மூணு வருஷமா அதைத்தானே வெச்சிருக்கீங்க, இப்ப வாங்கலாமா?” என்று கேட்டார். அப்போது கோபத்தில் ஒரு பதில் சொல்லிவிட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சேர்த்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். செயலியின் பெயரைக் குறிப்பிடவில்லை. உலாவியிலேயே இயங்குவது, சுவரொட்டி முதல் அசையும் காணொளி வரை எல்லாம் செய்யக்கூடியது என்ற அளவில் தெரிந்தால் போதும்.

நான் மும்பை சயானிலிருந்து வேலை செய்கிறேன். ஆங்கிலத்திலோ இந்தியிலோ முடிவாகிவிட்ட விளம்பரத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலையில் பெரும்பகுதி. இங்கே அதை ‘அடாப்டேஷன்’ என்பார்கள். மீதி நேரத்தில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் உள்ள நம்மவர் கடைகளுக்கு நேரடியாகத் தமிழிலேயே செய்கிறேன். கைப்பேசித் திரைக்கான 1080-க்கு 1920 படப்புள்ளி என்ற நெட்டைச் சட்டத்தில், ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும்படி எழுத்தையே ஓடவும் குதிக்கவும் விடுவதுதான் இப்போது எங்கும் கேட்கப்படுகிறது. படத்துக்கு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த எழுத்து நடுவுக்கு வந்துவிட்ட இந்தப் போக்கை நான் மனமார வரவேற்றேன். இந்தச் செயலியை வாங்கியதும் அதற்காகத்தான்.

முதலில் அது எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். மும்பையின் ஏக் டைப் குழுவினர் 2022-இல் வெளியிட்ட அனேக் என்ற எழுத்துருக் குடும்பம் தமிழ் உட்பட 10 எழுத்துமுறைகளுக்கு வந்தது; கட்டணமின்றி யாரும் பயன்படுத்தலாம். அதன் தமிழ் எழுத்துருவில் கனத்தை மட்டுமல்லாமல், அகலத்தையும் இயல்பான அகலத்தில் 75 முதல் 125 விழுக்காடு வரை விரும்பிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அடாப்டேஷன் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை புரியும். இந்தியில் இரண்டு சொல்லில் அடங்கும் தலைப்பு தமிழில் ஒன்றரை மடங்கு நீளும். கட்டமோ இந்திக்கு அளவெடுத்தது. முன்பெல்லாம் எழுத்தின் அளவைக் குறைப்போம், இல்லையென்றால் பக்கவாட்டில் அழுத்தி நெருக்குவோம். அப்படி நெருக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தபடியே நின்று, ‘ண’வும் ‘ஞ’வும் நசுங்கிய தகரம் போலாகிவிடும். அனேக்கில் ஒடுங்கிய வடிவத்தையும் வரைந்தவர்களே யோசித்து வரைந்திருப்பதால், கோட்டின் கனம் கெடாமல் சொல் ஒடுங்குகிறது. இந்தச் செயலியில் அதற்கென்று ஒரு நகர்த்துபட்டி உண்டு; விரலால் இழுக்க இழுக்க, சட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த தமிழ்ச் சொல் உள்ளே வந்து அமர்வதைப் பார்த்த முதல் நாள், இந்த ஒரு வசதிக்கே முழுச் சந்தாவும் தகும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வேகம், பலர் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்யும் வசதி, கோப்பு ஏற்றுமதி ஆகியவற்றிலும் எனக்குக் குறையில்லை.

குறை ஒன்றே ஒன்று, மூன்று ஆண்டுகளாக மாறாதது. எழுத்தெழுத்தாகத் தோன்றும் அசைவைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் உடைந்துவிடுகிறது.

முதல் ஆண்டு விநாயகர் சதுர்த்திக்குத் தாராவியில் ஒரு பலகாரக் கடைக்காக ஒரு சிறு காணொளி செய்தேன். கருஞ்சிவப்புப் பின்னணியில் ‘கொழுக்கட்டை’ என்ற சொல் ஒவ்வோர் எழுத்தாக மேலிருந்து குதித்து விழ வேண்டும். ‘க’ விழுந்தது. அடுத்ததாக, கொம்பும் காலும் நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தை (சேர எழுத்தில்லாமல் தனித்து நிற்கும் குறிக்குக் கணினி காட்டும் வெற்றிடம்) பிடித்துக்கொண்டு தனியே விழுந்தன. பிறகு ‘ழ’, அதன் பின்னே உகரக் குறி தனியாக. புள்ளிகூட மெய்யெழுத்தின் தலையில் அமராமல், தனக்கென்று ஒரு வட்டத்தோடு வந்து பக்கத்தில் நின்றது. அசைவு முடிந்து எழுத்துகள் ஒன்றுசேரும் கடைசி அரை நொடியில்தான் அது கொழுக்கட்டை ஆனது. கடைக்கார அம்மா திருநெல்வேலிப் பக்கத்தவர். கைப்பேசியைக் கண்ணருகே வைத்து இரண்டு முறை பார்த்துவிட்டு, “தம்பி, எழுத்தைப் பிச்சுப்போட்ட மாதிரில்லா இருக்கு” என்றார். அதைவிடச் சரியாக அந்தப் பிழையை யாரும் விளக்க முடியாது.

காரணம் எளியது. கணினிகள் எழுத்துகளைப் பதிந்துவைக்கும் பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்), ‘க’ போன்ற அகரமேறிய எழுத்துகளைத் தவிர மற்ற உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனிக் குறியீடு கிடையாது. ‘கொ’ என்பது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். அந்தக் கணக்கில், நமக்கு 6 எழுத்தான கொழுக்கட்டை கணினிக்கு 11 குறியீடு. செயலி எழுத்தை எண்ணாமல் குறியீட்டை எண்ணி வெட்டுகிறது. தட்டச்சு செய்வதுபோல் வளரும் அசைவில் வட்டம் தெரிவதில்லை என்றாலும், ‘பத்து’ என்பது ‘பத’ ஆகி, ‘பத்’ ஆகி, ‘பத்த’ ஆகித்தான் ‘பத்து’ ஆகிறது. தள்ளுபடி விளம்பரத்தில் இப்படித் திக்கித் திக்கி வரும் எண்ணுப்பெயரை எந்தக் கடைக்காரர் ஏற்பார்? மராத்திக்கும் இதே கதிதான். என்னோடு வேலை செய்யும் தோழி அதே பண்டிகைக்கு ‘மோதக்’ என்று தேவநாகரியில் செய்தபோது, ஓகாரக் குறி தனியே கழன்று விழுந்ததை இருவரும் சேர்ந்தே பார்த்தோம்.

தீர்க்க முடியாத சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்வேன். குறியீடுகளை வாசகர் காணும் எழுத்தாகச் சேர்த்தெண்ணும் விதி ஒருங்குறித் தரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைச் செய்து தரும் ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்ற வசதி குரோமில் 2020-லும் ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலிலும் வந்துவிட்டது. இந்தச் செயலி ஓடுவதே உலாவிக்குள்தான். நான்கு முறை விவரமாக, திரைப்பதிவோடு எழுதினேன். இரண்டு முறை பதில் இல்லை. ஒரு முறை உங்கள் எழுத்துருவில் பிழை இருக்கலாம் என்றார்கள். அனேக், முக்தா மலர், நோட்டோ என்ற மூன்று எழுத்துருக்களிலும் ஒரே இடத்தில் உடைவதையும், அசைவில்லாத எழுத்து மூன்றிலும் ஒழுங்காக நிற்பதையும் காட்டி மறுபடி எழுதினேன். கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு 20-க்கும் மேற்பட்ட புதிய அசைவுகளைச் சேர்த்துவிட்டார்கள். அத்தனையிலும் அதே உடைப்பு.

மாற்றுவழி உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் தனிப் பெட்டியில் இட்டு, இடைவெளியைக் கண்ணளவில் சரிசெய்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு அது முடியும். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் போய்விடும். வாடிக்கையாளர் ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. சொல் சொல்லாகத் தோன்றும் அசைவு சரியாக வருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் பெரும்பாலும் அதையே வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன்.

ஆகவே, நண்பரே, நிலையான விளம்பரத்துக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. அந்த அகல நகர்த்துபட்டி இல்லாமல் இனி எப்படி வேலை செய்வேன் என்றும் தெரியவில்லை. இருந்தும் பாதி விலைக்கும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். எழுத்தை அசைக்கும் கருவி என்று விற்றுவிட்டு, என் மொழியின் எழுத்து எது என்று எண்ணிப் பார்க்க மூன்று ஆண்டுகளில் ஒரு நாள் ஒதுக்காதவர்களுக்கு நானும் இனிப் பணம் கட்டப்போவதில்லை. என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். கொழுக்கட்டைக் காணொளியை மட்டும், 6 பெட்டிகளோடு இருக்கும் அந்தத் திருத்திய வடிவத்தில், முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டேன்.