கருப்பு கிரானைட் மேடையும் ஒரு செய்தித்தாளும்: மொபைல் ஏஆர் பயிற்சி முடித்து ஒன்றரை வருடம்

கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் கேட் (CAD, கணினியில் பொருளை வரைந்து வடிவமைக்கும் முறை) டிசைனராக இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இது எங்க வூட்டு மேடைல அடங்குமுங்களா?" நீளம் அகலம் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் மனதில் உருவம் வராது. போனைச் சமையல் மேடைக்கு நேரே பிடித்தால் கிரைண்டர் அதே அளவில் அங்கே வந்து உட்கார வேண்டும் என்ற ஆசையில்தான் மொபைல் ஏஆர் (போன் கேமரா காட்டும் இடத்தில் இல்லாத பொருளைச் சேர்த்துக் காட்டும் தொழில்நுட்பம்) செயலி உருவாக்கும் பயிற்சியில் சேர்ந்தேன். சனி ஞாயிறு மட்டும், 12 வாரம், முழுக்கச் செய்முறை. முடித்த கையோடு எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். கற்றதில் எது வேலைக்கு ஆயிற்று, எது ஆகவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

பாடம் யூனிட்டி என்ற முப்பரிமாணச் செயலி உருவாக்கும் மென்பொருளில், அதன் ஏஆர் தொகுப்பான ஏஆர் ஃபவுண்டேஷனை வைத்து நடந்தது. அதற்கு அடியில் ஏஆர் வேலையைச் செய்வது ஆண்ட்ராய்டில் கூகுளின் ஆர்கோர், ஐபோனில் ஆப்பிளின் ஏஆர்கிட். இரண்டும் 2017-இல் அறிமுகமானவை. அடியில் எது ஓடினாலும் நாம் மேலே சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதுகிற கோடு பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாள் சாயங்காலத்துக்குள் அத்தனை பேர் போனிலும் வகுப்பறைத் தரையில் ஒரு கனசதுரம் நின்றது. எங்கள் பயிற்சியாளரின் வழி அது: முதலில் ஓட வைத்துவிட்டு, அப்புறம்தான் ஏன் ஓடியது என்று விளக்குவார். எனக்கு அது மிகவும் ஒத்துப்போனது.

மூன்றாவது வாரம் அவர் எங்களைக் கட்டடத்தை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். மொத்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்த நாள் அதுதான். போனுக்குத் தரை என்றால் என்னவென்று தெரியாது. கேமரா படத்தில் மூலை, புள்ளி, கீறல் என்று தனித்துத் தெரிகிற இடங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. போன் நகரும்போது அவை எப்படி இடம் மாறுகின்றன என்பதையும், உள்ளே இருக்கும் அசைவு, சுழற்சி உணரிகளான முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் சொல்வதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் 'இது ஒரு தளம்' என்ற முடிவுக்கு வருகிறது. அந்தப் புள்ளிகளைத் திரையில் மஞ்சளாகக் காட்டும் செயலி ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தோம். பழைய வீட்டு மொசைக் தரையில் புள்ளிகள் அரிசி கொட்டியதுபோல் நிறைந்தன. ஒரு வாசலில் காலையில் போட்ட கோலம் இருந்தது, அதன் இழைகளின் மேல் புள்ளிகள் வரிசையாக வந்து ஒட்டின. புது வீட்டின் வெள்ளை டைல்ஸில் ஒன்றுமே இல்லை. வந்த இரண்டு மூன்றும் டியூப்லைட்டின் பிரதிபலிப்பில் வந்தவை. நாம் நகர்ந்தால் பிரதிபலிப்பும் நகரும், அதோடு சேர்ந்து பொருளும் வழுக்கிக்கொண்டு போகும்.

அன்று பார்த்ததன் அருமை பயிற்சி முடிந்த பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊரில் சமையல் மேடை என்றால் பெரும்பாலும் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட். ஏஆருக்கு அதைவிட மோசமான பரப்பு கண்ணாடிதான். செயலியைச் செய்து முதலில் சோதித்தது எங்கள் வீட்டில். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கிரைண்டர் அந்தரத்துல நிக்குது?" என்று கேட்டார். கோடில் பிழை தேடி ஒரு வாரம் போயிற்று. பிழை கோடில் இல்லை. மேடை மேல் ஒரு செய்தித்தாளை விரித்ததும் பிரச்சினை தீர்ந்தது. எழுத்தும் படமுமாக இருக்கிற தாளை போன் உடனே பிடித்துக்கொள்கிறது, அதை ஆதாரமாக வைத்து மேடையின் மட்டம் கிடைத்துவிடுகிறது. இன்றைக்கும் எங்கள் செயலியின் முதல் திரையில் இருக்கிற வரி, "மேடையில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள்". அந்த நடை போகாமல் இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது.

சரி, பயிற்சி சொல்லித்தராதது எது? திரையில் வைக்கிற பொருளின் முப்பரிமாண மாடல்கள். வகுப்பில் எல்லாமே தயாராக வைத்திருந்த நாற்காலி, பூச்சாடி, டைனோசர். வேலையில் கையில் இருப்பதோ தொழிற்சாலைக்கான கேட் கோப்பு. முதல் தடவை கொண்டுவந்தபோது திரை முழுக்கச் சாம்பல் நிறம், வேறொன்றும் இல்லை. எங்கள் வரைபடம் மில்லிமீட்டரில் இருந்தது, யூனிட்டியில் ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர். 500 மில்லிமீட்டர் உயரக் கிரைண்டர் அரை கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது, நான் அதன் வயிற்றுக்குள் இருந்தேன். அளவைச் சரிசெய்த பிறகு போன் திணறியது. ஒவ்வொரு போல்ட்டின் மரையும், வெளியே தெரியாத மோட்டார் சுருளும், போன் எந்த உருவத்தையும் வரையப் பயன்படுத்துகிற சின்னச் சின்ன முக்கோணங்களாக மாறி லட்சக்கணக்கில் நின்றன. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உட்புறப் பாகங்களை அழித்து, மரைகளை வழவழப்பான உருளையாக்கி, கல்லின் சொரசொரப்பை வெறும் படமாக மேலே ஒட்டி, ஒருவழியாக 40 ஆயிரம் முக்கோணங்களுக்குள் கொண்டுவந்தேன். இதைத் தனியாகக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. 12 வாரத்தில் இரண்டு வாரமாவது இதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று எனக்குக் கோபமாகவே இருக்கிறது. எங்கள் பேட்சில் 14 பேர். அதில் ஐந்து பேரின் போனில் ஆர்கோர் ஓடவில்லை. ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் போதாது, கூகுள் சோதித்துச் சான்று தந்த மாடல்களில்தான் அது வேலை செய்யும். அந்தப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. பணம் வாங்கும் முன் பயிற்சி நிறுவனம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவம், கல்லூரி முடித்த ஒரு பெண் மூன்று மாதமும் அடுத்தவர் போனை வாங்கி வாங்கித்தான் செய்து பார்த்தார். சேர நினைப்பவர்கள் கட்டணத்தைக் கேட்கும் முன் உங்கள் போன் மாடலை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மென்பொருளில் பதிப்பு மாற்றமும் வந்தது. வகுப்பில் ஏஆர் செஷன் ஆரிஜின் (ஏஆர் காட்சியின் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் பாகம்) என்று கற்றதை, ஏஆர் ஃபவுண்டேஷன் 5-க்கு மாறியதும் எக்ஸ்ஆர் ஆரிஜினாக மாற்ற வேண்டியிருந்தது. அதில் வருத்தமில்லை. தளம், ரேகாஸ்ட் (தொட்ட இடம் எந்தப் பரப்பில் படுகிறது என்று கண்டுபிடிப்பது), ஆங்கர் (பொருளை ஓர் இடத்தில் நிலைநிறுத்துவது) என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. தவிர, அந்தப் பதிப்பிலிருந்து யூனிட்டிக்குள்ளேயே ஒரு போலி அறையில் சோதிக்க முடிகிறது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் செயலியைப் போனில் ஏற்றுவதற்காக பில்ட் போட்டுக் காத்திருந்த நேரம் மிச்சம்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று: ஒரே ஒரு பொருளை மேடையில் வைத்துக் காட்டுவது மட்டும்தான் தேவை என்றால் யூனிட்டியே வேண்டாம். கூகுளின் மாடல் வியூவரை இணையப் பக்கத்தில் சேர்த்து ஒரு ஜிஎல்பி (முப்பரிமாண மாடல்) கோப்பைக் கொடுத்தால், அதைத் தாங்கும் போன்களில் செயலியை இறக்காமலே பொருளை அறையில் வைத்துப் பார்க்கலாம். வகுப்பில் யாரும் இதைச் சொல்லவில்லை, நானே பின்னால் கண்டுபிடித்தேன். இப்போது வாடிக்கையாளர் பக்கத்தில் அதுதான் இருக்கிறது. யூனிட்டி செயலி, வீடு வீடாகப் போகும் எங்கள் விற்பனை ஆட்களுக்கும் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்கும். புதிதாகச் சேரும் மெக்கானிக், பெல்ட் எந்த வழியாகக் கழலும் என்பதைக் கிரைண்டரைப் பிரிக்காமலேயே சுற்றி நடந்து பார்க்கிறார். அந்த அனிமேஷனும் தொடுதலும் செய்ய 12 வாரப் பாடம் அத்தனையும் தேவைப்பட்டது. அதனால் கட்டிய பணம் வீண் என்று நினைக்கவில்லை.

போன மாதம் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு வீட்டுக்கு விற்பனையாளரோடு நானும் போயிருந்தேன். தாளை விரித்து, டில்டிங் கிரைண்டரை மேடையில் வைத்து, போனை அந்த வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், குனிந்து பார்த்தார். அப்புறம் திரையில் மூடிக்கு மேலே விரலை வைத்து, "தம்பி, இது அடங்குது. ஆனா மாவு அள்ள டிரம்மைச் சாய்ச்சா குழாய்ல இடிக்குமே?" என்றார். எங்கள் செயலியில் டிரம் சாயாது. அதைச் சாய வைக்கும் வேலையில்தான் இந்த வாரம் முழுக்க இருக்கிறேன்.