சரம் நகலெடுக்க நான்கு ஃபங்ஷன்கள்: எதை வைத்துக்கொள்வது?

சி மொழியில் ஒரு சரத்தை (ஸ்ட்ரிங்) இன்னொரு பஃபருக்கு, அதாவது நினைவகத்தில் ஒதுக்கிய இடத்துக்கு, நகலெடுப்பது சின்ன வேலை. ஆனால் அதற்கான ஸ்டிர்-எல்-காப்பி (strlcpy) என்ற ஃபங்ஷன், லினக்ஸின் முக்கிய சி நூலகமான ஜிலிப்சிக்குள் (glibc) நுழைய 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

முதலில் பழையதைப் பார்ப்போம். ஸ்டிர்-என்-காப்பி (strncpy) எங்கும் கிடைக்கும். பழைய யூனிக்ஸில் 14 பைட் கோப்புப் பெயர் போன்ற, அளவு மாறாத புலங்களை நிரப்ப அது பொருத்தமானது. மூலச் சரம் நீளமாக இருந்தால், சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட்டைக் கடைசியில் வைக்காது. குட்டையாக இருந்தால் மிச்ச இடம் முழுக்கப் பூஜ்யம் நிரப்பும். சாதாரணச் சரங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஸ்டிர்-எல்-காப்பி 1998-ல் ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் 2.4 பதிப்பில் வந்தது. பஃபர் அளவு பூஜ்யமாக இல்லாதவரை, முடிவில் பூஜ்ய பைட் கட்டாயம் இருக்கும். மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அது பஃபர் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் சரம் வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். ஜிலிப்சி தரப்பின் ஆட்சேபம் இங்கேதான்: அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்? கோப்புப் பாதை ஒன்று சத்தமில்லாமல் வெட்டுப்பட்டால் நிரல் வேறு கோப்பைத் திறக்கும். நியாயமான பயம்தான். இன்னொரு குறை, நீளம் சொல்வதற்காக மூலத்தை இறுதிவரை படிக்கிறது. மூலத்தில் பூஜ்ய பைட் இல்லையென்றால் எல்லை தாண்டி ஓடும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் இதைக் கைவிட்டு, வெட்டுப்பட்டால் பிழை எண் தரும் தன் சொந்த ஸ்டிர்-எஸ்-காப்பிக்கு (strscpy) மாறியது. 2024-ல் வந்த கர்னல் 6.8-ல் ஸ்டிர்-எல்-காப்பி மொத்தமாக நீக்கப்பட்டது.

2011-ன் சி தரநிலை, பின்னிணைப்பு கே-யில் ஸ்டிர்காப்பி-எஸ் (strcpy_s) என்ற ஃபங்ஷனைத் தந்தது; நூலகங்கள் விரும்பினால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. ஜிலிப்சியும், லினக்ஸுக்கான இன்னொரு சி நூலகமான மஸ்லும் (musl) அதைத் தொடவில்லை. மைக்ரோசாஃப்டில் உள்ளதோ தரநிலையோடு முழுதாக ஒத்துப்போகாது. காகிதத்தில் தரநிலை, கையில் ஒன்றுமில்லை.

நான்காவது, வடிவம் சொல்லி எழுதும் எஸ்-என்-பிரின்ட்எஃப் (snprintf); 1999-ன் சி தரநிலையிலிருந்து இருக்கிறது. கொஞ்சம் மெதுவானது, ஆனால் எங்கும் ஓடும். "%s" என்ற வடிவச் சரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூலத்தை நேரடியாகக் கொடுத்தால் மட்டும் பாதுகாப்பு ஓட்டை.

சரி, ஜிலிப்சி ஏன் இறங்கி வந்தது? ஸ்டிர்-எல்-காப்பி வடிவமைப்பில் வென்றதால் அல்ல. பிஎஸ்டி குடும்பம், மேக், மஸ்ல் எல்லாவற்றிலும் இருந்தது; லினக்ஸில் மட்டும் ஆளாளுக்கு ஒரு பிரதியைச் சுமந்தார்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸின் 2024 பதிப்பு அதைச் சேர்க்கப்போவது தெரிந்ததும், 2023-ல் ஜிலிப்சி 2.38-ல் வந்துவிட்டது.

புதிய நிரலுக்கு என் தேர்வு ஸ்டிர்-எல்-காப்பி, திரும்பும் எண்ணைச் சோதிப்பதாக இருந்தால். பழைய ஜிலிப்சியிலும் ஓட வேண்டுமென்றால் எஸ்-என்-பிரின்ட்எஃப். அப்புறம், உங்கள் நிரலில் ஏற்கெனவே ஸ்டிர்-எல்-காப்பியின் சொந்தப் பிரதி ஒன்றை ஸ்டாட்டிக் (static) ஆக எழுதியிருந்தால், ஜிலிப்சி 2.38-க்கு மாறும்போது கம்பைலர் பெயர் மோதலைச் சொல்லி நிற்கலாம். பில்டில் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள்.